கப்பலுக்குள் வழி தெரியாமல் அலைவது எனக்கு மட்டும்தானா?

#1 வடக்குமறந்தவன்

அடுத்த மாசம் மறுபடியும் ஒரு க்ரூஸ், ஏழு நாள். சந்தோஷம்தான். ஆனா போன தடவை நடந்ததை நினைச்சா இப்பவே கால் வலிக்குது.

முதல் நாள் ராத்திரி. டைனிங் ரூம் 3-ஆம் டெக்கில் (கப்பலில் மாடியை டெக் என்பாங்க), பின்பக்கம் என்று போட்டிருந்தது. நாங்க நின்னது 5-ஆம் டெக்கில், கப்பலின் நடுவில். நடுப் படிக்கட்டில் ரெண்டு டெக் இறங்கி, பின்பக்கமா நடந்தோம். போட்டோ மாட்டி வெச்சிருக்கிற இடம் வந்தது, அதைத் தாண்டி ஒரு வளைவு, அப்புறம் சுவர். 'பணியாளர் மட்டும்' என்று ஒரு கதவு. அந்தக் கதவு ஒரு தடவை திறந்து மூடுச்சு. உள்ளேயிருந்து ஆவி, தட்டு அடுக்குற சத்தம், சாப்பாட்டு வாசனை எல்லாம் வந்தது. சாப்பாடு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கூட வந்த அப்பாவுக்கு முட்டி வலி. திரும்பி நடந்து, ரெண்டு டெக் ஏறி, பின்பக்கம் போய், மறுபடி ரெண்டு டெக் இறங்கினோம். அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

ரெண்டாம் நாள் இன்னும் மோசம். எங்க ரூம் கதவுன்னு நினைச்சு கார்டை மூணு தடவை தேய்க்கிறேன், சிவப்பு விளக்குதான் எரியுது. நாலாவது தடவை கதவு உள்ளேயிருந்து திறந்தது. தூக்கக் கலக்கத்தோட ஒரு அம்மா நிக்கிறாங்க. நான் சரியா ஒரு டெக் மேலே நின்னுக்கிட்டிருந்தேன். அதே கம்பளம், அதே விளக்கு, அதே இடத்தில் கதவு.

எத்தனையோ பேர் போறீங்க. எப்படித்தான் பழகுறீங்க?

#2 நீலப்புள்ளி

ஆப் இருக்கே. கப்பல் கம்பெனி ஆப்பை ஏறுறதுக்கு முன்னாடியே இறக்கி வெச்சுக்கோங்க. டெக் பிளான் முழுக்க அதில் இருக்கு. இதுக்கு ஒரு இழையா?

#3 வடக்குமறந்தவன்

@நீலப்புள்ளி ஆப் வெச்சிருந்தேன் நண்பரே. ஒரு தடவை நான் கடலுக்குள்ள இருக்கிறதா காட்டுச்சு. இன்னொரு தடவை ஆப் சொன்னது சரி, நான் நின்ன டெக்தான் தப்பு.

#4 இரும்புப்படி

ஒன்பது வருஷம் கப்பலில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். வழி கேட்டு வர்றவங்களுக்குப் பதில் சொன்னதே வேலையில் பாதி. உங்க சுவர்க் கதையை வாரத்துக்கு இருபது தடவை கேட்டிருப்பேன், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

கட்டிடத்தில் நாம மாடியைத்தான் முதல்ல பிடிப்போம். 'மூணாவது மாடி' என்றால் மூணாவது மாடிக்குப் போயிட்டு அங்கே தேடுவோம், ஏன்னா எந்த மாடியிலும் எங்கே வேணும்னாலும் நடந்து போயிடலாம். கப்பலில் அந்தப் பழக்கம்தான் நம்மைக் கவிழ்க்கிறது. இங்கே முதல்ல பிடிக்க வேண்டியது படிக்கட்டு. முன் படிக்கட்டா, நடுவா, பின்னா? அது முடிவானதுக்கு அப்புறம்தான் எத்தனையாவது டெக் என்கிற கேள்வி. தப்பான படிக்கட்டில் சரியான டெக்குக்குப் போனா சுவர்தான் கிடைக்கும்.

நீங்க முட்டிக்கிட்ட சுவருக்குப் பின்னால இருந்தது கேலி, அதாவது கப்பலின் பெரிய சமையலறை. ஆயிரக்கணக்கான பேருக்குச் சுடச்சுட பரிமாறணும்னா அது டைனிங் ரூமை ஒட்டித்தான் இருக்கணும். நிறைய கப்பல்களில் அது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கப்பலின் முழு அகலத்தையும் அடைச்சுக்கும். பயணிகள் அதுக்குள்ள நடந்து போக முடியாது. அதனால அந்த டெக் ரெண்டு துண்டா அறுந்துபோகும். நடுவிலிருந்து இறங்கினா முன் துண்டு, பின்னாலிருந்து இறங்கினா பின் துண்டு.

தியேட்டரும் அப்படித்தான். ரெண்டு மூணு டெக் உயரம் இருக்கும், குறுக்கே நடக்க முடியாது. நடுவில் வெச்சா கப்பலையே ரெண்டா வெட்டிடும் என்பதால் பெரும்பாலும் முன்பக்கம் ஒதுக்கிடுவாங்க. டைனிங் ரூம் பெரும்பாலும் பின்பக்கம். நடுவில் ஏட்ரியம் என்கிற உயரமான திறந்த கூடம், வரவேற்பு மேசை, கடைகள். எல்லாக் கப்பலும் இப்படின்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு புதுக் கப்பலில் கண்ணைக் கட்டி விட்டா நான் இப்படி நினைச்சுக்கிட்டுத்தான் நடப்பேன்.

அப்போ வழக்கம் என்னன்னா, முழு நீளத்துக்கும் தடையில்லாம ஓடுற ஒரு டெக்கில் நீளவாக்கில் நடந்து முடிங்க. கேபின் டெக் காரிடார்கள் கிட்டத்தட்ட நுனியிலிருந்து நுனி வரைக்கும் போகும். சரியான படிக்கட்டுக்கு வந்த பிறகு ஏறுங்க, இறங்குங்க. உங்க அப்பா முட்டியும் பிழைக்கும்.

#5 வடக்குமறந்தவன்

அண்ணே, இதை அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா...

அந்த 'பணியாளர் மட்டும்' கதவுக்கு உள்ளே நீங்க எப்படி நடப்பீங்க? உங்களுக்கு வழி தப்பாதா?

#6 இரும்புப்படி

எங்களுக்கு ஒரு நெடுஞ்சாலை உண்டு. பயணிகள் டெக்குக்குக் கீழே, கப்பல் நீளத்துக்கும் ஒரே நேரா ஓடுற அகலமான காரிடார். பல கப்பல்களில் அதுக்குப் பேரு 'ஐ-95', அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓடுற நெடுஞ்சாலையின் பேரு. தள்ளுவண்டி, துணி மூட்டை, சமையல் சாமான், ஷிஃப்ட் மாறுற ஆளுங்க எல்லாம் அதில்தான். டைட்டானிக்கிலும் இ டெக்கில் இப்படி ஒண்ணு இருந்தது. அதை ஊழியர்கள் 'ஸ்காட்லாண்ட் ரோடு' என்பாங்க, லிவர்பூலில் இருக்கிற தெருப் பேரு. எங்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். நாங்க முதல்ல நீளத்தை முடிச்சுட்டு அப்புறம் ஏறுவோம்.

#7 அலைபாயும்கால்

கம்பளத்தைப் பாருங்க! நார்வீஜியன் கம்பெனி கப்பல் சிலவற்றில் காரிடார் கம்பளத்தில் மீன் படம் இருக்கும், எல்லா மீனும் கப்பலின் முன்பக்கம் பார்த்துத்தான் நீந்தும். மீனோட போனா முன்பக்கம், மீனை எதிர்த்துப் போனா பின்பக்கம். என் பசங்க நாலு நாளும் 'மீனோடயா, எதிராவா?' என்று கத்திக்கிட்டேதான் ஓடினாங்க. வேறு சில கப்பல்களில் இடப்பக்க காரிடார் கம்பளத்தில் சிவப்பு கலந்திருக்கும், வலப்பக்கத்தில் பச்சையோ நீலமோ.

இன்னொண்ணு, கேபின் கதவு பெரும்பாலும் இரும்பு. காந்தம் ஒட்டும். குழந்தைங்க வரைஞ்ச படத்தைக் காந்தம் வெச்சு ஒட்டிட்டா, அந்தத் தூக்கக் கலக்க அம்மாவை எழுப்ப வேண்டியிருக்காது. டேப் மட்டும் ஒட்டாதீங்க, பெயின்ட் உரிஞ்சா திட்டுவாங்க.

#8 சாம்பல்நிறம்

மீன் சரி. சிவப்பு பச்சை என்னை மாதிரி ஆட்களுக்கு உதவாது. எனக்கு நிறக்குருடு. ரெண்டு காரிடாரும் ஒரே மண் நிறம். யார்தான் இந்த யோசனையைக் கொண்டு வந்தாங்களோ, ஆண்களில் கணிசமான பேருக்கு இருக்கிற குறை இது.

#9 இரும்புப்படி

@சாம்பல்நிறம் அது கம்பளம் நெய்தவர் யோசனை இல்லை. கப்பலின் வழிகாட்டி விளக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. ராத்திரியில் எதிரே வர்ற கப்பலுக்கு நாம எந்தப் பக்கம் காட்டுறோம்னு தெரியறதுக்காக. அதையே உள்ளே கொண்டு வந்துட்டாங்க. மாலுமி வேலைக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு, பயணிக்குக் கிடையாது. உங்க புகார் நியாயம்.

#10 கடலோரம்

நிறம் வேண்டாம், மீனும் வேண்டாம். ஜன்னல் பக்கமோ திறந்த டெக்கோ போய்க் கடலைப் பார்த்து நில்லுங்க. தண்ணி வலமிருந்து இடமா ஓடினா நீங்க கப்பலின் வலப்பக்கத்தில் இருக்கீங்க. இடமிருந்து வலமா ஓடினா இடப்பக்கம். தண்ணி போற திசை எப்பவும் பின்பக்கம்.

#11 சாம்பல்நிறம்

அருமையா இருக்கேன்னு மேஜை மேல ஸ்டேப்ளரைக் கப்பலா வெச்சுப் பார்த்தேன். தப்பா இருக்கே! ஸ்டேப்ளர் மூக்கு முன்னால. வலப்பக்கத்தில் நின்னு வெளியே பார்த்தா மூக்கு என் இடது கைப் பக்கம் வருது. கப்பல் இடது பக்கமா நகருது, அப்போ தண்ணி இடமிருந்து வலமா ஓடணும். நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்க. கடைசி வரி மட்டும் சரி.

#12 கடலோரம்

ஐயோ. ஆமாம், நீங்க சொல்றதுதான் சரி. இடமிருந்து வலம் ஓடினா வலப்பக்கம், வலமிருந்து இடம் ஓடினா இடப்பக்கம். இத்தனை வருஷமா சரியாத்தான் நடந்திருக்கேன், எழுதும்போது குழப்பிட்டேன். 'தண்ணி எந்தக் கைப் பக்கம் போகுதோ அந்தக் கைதான் நான் நிற்கிற பக்கம்' என்று வெச்சுக்கிட்டா மறக்காது. பழைய பதிவை அழிக்கலை, அசட்டுத்தனம் அப்படியே இருக்கட்டும்.

#13 தலைப்பாயிரம்

இந்த இட வலக் குழப்பம் கப்பற்படைகளுக்கே இருந்தது. ஆங்கிலத்தில் முன்பு வலப்பக்கம் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் லார்போர்டு. புயலில் கத்தினால் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் லார்போர்டைக் கைவிட்டு 'போர்ட்' என்று மாற்றியது. ஸ்டார்போர்டு என்பதும் நட்சத்திரம் அல்ல. பழைய காலத்தில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் கட்டப்பட்டிருந்ததால் வந்த சொல். தமிழில் கப்பலின் முன்பகுதிக்கு 'அணியம்' என்ற அழகான சொல் இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். இதற்காகவே தனி இழை ஒன்று...

#14 நெறியாளர்

தனி இழை தொடங்குங்கள் ஐயா, படிக்கக் காத்திருக்கிறோம். இங்கே வழி கண்டுபிடிப்பது மட்டும்.

#15 பத்தாம்தளம்

கேபின் எண்ணைப் பற்றி யாரும் சொல்லலையே. எண்ணே ஒரு முகவரி. முதல் ஒண்ணு அல்லது ரெண்டு இலக்கம் டெக். 9245 என்றால் 9-ஆம் டெக், 10245 என்றால் 10-ஆம் டெக். மிச்ச மூணு இலக்கம் அந்த டெக்கில் எங்கே என்பது. பெரும்பாலும் முன்பக்கம் சின்ன எண்ணில் தொடங்கிப் பின்பக்கம் ஏறிக்கிட்டே போகும். வடக்குமறந்தவன் தட்டின கதவு அதனால்தான் அப்படி. மிச்ச மூணு இலக்கம் ஒண்ணா இருந்தா, அந்த ரூம் பெரும்பாலும் உங்க தலைக்கு நேர் மேலயோ காலுக்கு நேர் கீழயோ இருக்கும்.

பக்கத்தை ஒற்றை இரட்டை வெச்சுப் பிரிக்கிற கப்பலும் உண்டு, நூறுகளை வெச்சுப் பிரிக்கிற கப்பலும் உண்டு. போன கப்பலில் இரட்டைப்படை எந்தப் பக்கம் இருந்ததோ அதை நம்பி அடுத்த கப்பலில் நடக்காதீங்க. எனக்கு அனுபவம்.

டெக் எண்ணிக்கையும் நேர்மையா இருக்காது. பல கப்பலில் 12-க்கு அடுத்து 14 வரும், 13 கிடையாது. எம்எஸ்சி கம்பெனி கப்பல்களில் இத்தாலியப் பழக்கம், அவங்களுக்கு 13-இல் பயமில்லை, 17-தான் ஆகாது. ரோமன் எண்ணில் 17-இன் எழுத்துகளை மாத்திப் போட்டா லத்தீனில் 'நான் வாழ்ந்துவிட்டேன்' என்று வருமாம், அதாவது ஆள் காலி. குயின் மேரி 2-இல் லிஃப்ட் பட்டனில் '3எல்' என்று ஒரு டெக் இருக்கு. முதல் தடவை பார்த்து நான் அழுத்தவே பயந்தேன்.

கடைசியா ஒண்ணு. பல கப்பல்களில் கார்டில் கேபின் எண் அச்சடிக்க மாட்டாங்க, தொலைஞ்சா எவனாவது திறந்துடுவான் என்பதால். எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

#16 வடக்குமறந்தவன்

இதெல்லாம் புரியுது. ஆனா எனக்குப் பெரிய குழப்பமே லிஃப்டிலிருந்து வெளியே வர்ற அந்த ஒரு நொடிதான். காலையில் வலது பக்கம் திரும்பினா எங்க ரூம். சாயங்காலம் அதே டெக்கில் இறங்கி வலது பக்கம் திரும்பினா எங்கேயோ போறேன். பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

#17 நாலுசக்கரம்

பேய் இல்லை. நான் சக்கர நாற்காலியில் போறவள், படிக்கட்டு எனக்கு இல்லை, அதனால லிஃப்ட் லாபியில்தான் என் கப்பல் வாழ்க்கையே.

லாபியை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. நிறைய கப்பல்களில் லிஃப்ட் ரெண்டு வரிசையா எதிரெதிரே இருக்கும். ஒரு வரிசையிலிருந்து வெளியே வந்தா முகம் ஒரு பக்கம், எதிர் வரிசையிலிருந்து வந்தா முகம் நேர் எதிர்ப்பக்கம். காலையில் வலது கைப் பக்கம் இருந்தது சாயங்காலம் இடது கைப் பக்கம் ஆயிடும். நீங்க மாறலை, லிஃப்ட்தான் மாறிடுச்சு. அதனால 'வலது பக்கம் திரும்பணும்' என்று ஞாபகம் வெச்சுக்கவே கூடாது. லாபியில் அசையாம இருக்கிற ஏதாவது ஒண்ணை வெச்சுக்கணும். என் போன பயணத்தில் அது ஒரு ஓவியம், மஞ்சள் குடை பிடிச்ச ஒரு பொண்ணு. 'குடைக்காரி பக்கம் போனா என் ரூம்.' ஒவ்வொரு டெக் லாபியிலும் வேற வேற படம் இருந்ததால டெக் மாறிப் போனாலும் உடனே தெரிஞ்சிடும். குடைக்காரி இல்லையா, கதவு மூடுறதுக்குள்ள மறுபடி உள்ளே.

படங்களைக் கப்பல்காரங்க அழகுக்கு மட்டும் மாட்டுறதில்லைன்னு அப்பத்தான் புரிஞ்சது.

இன்னொண்ணு புதுக் கப்பல் போறவங்களுக்கு. சிலதில் லிஃப்டுக்குள்ள டெக் பட்டனே இருக்காது. வெளியில் இருக்கிற திரையில் டெக்கை அழுத்தணும், எந்த லிஃப்டில் ஏறணும்னு அது ஓர் எழுத்து காட்டும். தெரியாம திறந்த லிஃப்டில் ஏறினா யாரோ கேட்ட டெக்குக்கெல்லாம் ஊர்கோலம் போவீங்க. தியேட்டர் ஷோ முடியற நேரம் அந்தப் பக்கத்து லிஃப்டை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

#18 சும்மாசுத்தி

எல்லாரும் ஏன் இவ்வளவு சீரியஸ்? தொலைஞ்சு போறதுதான் கப்பலில் பாதி சுகம். ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி ஒண்ணை எடுத்துக்கோங்க. கிட்டத்தட்ட 365 மீட்டர் நீளம், 20 டெக், நிரம்பினா 7,600 பயணிகள். மொத்த டன்னேஜ் டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல. அதையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு நடந்தா அப்புறம் என்ன இருக்கு? நான் ஒரு ராத்திரி வழி தப்பிப் போய்த்தான் யாருமே இல்லாத ஒரு முன் டெக்கைக் கண்டுபிடிச்சேன். காத்து, இருட்டு, மேலே நட்சத்திரம். நாலு நாளும் அங்கேயேதான் இருந்தேன். கப்பல் கடலில்தானே நிக்குது, எங்கே போயிடப் போறீங்க?

#19 இரும்புப்படி

@சும்மாசுத்தி பகலில் தொலைஞ்சு போங்க, தாராளமா. ஆனா ரூமிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து மஸ்டர் ஸ்டேஷன் (ஆபத்து நேரத்தில் எல்லாரும் கூட வேண்டிய இடம்), இந்த ஒரு வழி மட்டும் கண்ணை மூடிக்கிட்டே தெரியணும். இதில் எனக்கு விளையாட்டு கிடையாது.

1990 ஏப்ரல் 7, ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்கிற பயணிகள் படகுக் கப்பல். நடு ராத்திரி தீ. 159 பேர் செத்தாங்க, பெரும்பாலும் நெருப்பில் இல்லை, புகையில். கப்பல் அந்தத் தடத்துக்குப் புதுசு, ஊழியர்களுக்கே கப்பல் சரியா பழக்கமில்லை. வெளியே போற வழி தெரியாம காரிடாரிலேயே விழுந்தவங்க நிறைய. எங்களுக்குப் பயிற்சியில் சொன்ன முதல் பாடம் அதுதான்.

அதுக்கப்புறம் வந்த விதிகளில் ஒண்ணை நீங்க தினமும் தாண்டிக்கிட்டு நடக்கிறீங்க. காரிடார் சுவரில், தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள ஓடுற ஒளிப்பட்டை. கரண்ட் போனாலும் மினுங்குற மாதிரியோ, சின்ன விளக்கு வரிசையாவோ இருக்கும். அலங்காரம்னு நினைப்பீங்க. புகை மேலே போகும், அதனால மேலே இருக்கிற எக்சிட் பலகை முதல்ல மறையும். அப்போ குனிஞ்சு தவழ்றவன் கண்ணுக்குத் தெரியற உயரம் அது. எந்தத் திரும்பலிலும் அறுபடாம வழி காட்டணும் என்பது விதி.

கப்பலை நீளவாக்கில் தீத் தடுப்பு வட்டாரங்களா வெட்டியிருப்பாங்க, ஒவ்வொண்ணும் சாதாரணமா 40 மீட்டர், அதிகபட்சம் 48. பெரிய கப்பலில் ஏழெட்டு வரும். காரிடாரில் நடக்கும்போது அங்கங்கே சுவரோட ஒட்டி மடிஞ்சிருக்கிற தடிச்ச கதவுகளைப் பார்த்திருப்பீங்க. காந்தம் பிடிச்சு வெச்சிருக்கும். பிரிட்ஜிலிருந்து, அதாவது கப்பலை ஓட்டுற அறையிலிருந்து, விட்டா எல்லாம் ஒரே நேரத்தில் சாத்திக்கும். முதல் தடவை பார்க்கிறவங்க மாட்டிக்கிட்டோம்னு நினைச்சு அலறுவாங்க. பூட்டாது, தள்ளினா திறக்கும். அன்னைக்கு நீங்க பழகின காரிடார் வேற மாதிரி இருக்கும், அதைத்தான் சொல்றேன்.

கார்டில் இருக்கிற எழுத்தோ எண்ணோ பெரும்பாலும் உங்க மஸ்டர் ஸ்டேஷன். கோஸ்டா கான்கார்டியா 2012 ஜனவரியில் கவிழ்ந்தப்போ, அன்னைக்குத்தான் ஏறின பயணிகள் பல பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கலை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும் என்றது. இப்போ கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தணும். சில கப்பல்களில் வீடியோவைப் போனில் பார்த்துட்டு, ஸ்டேஷனில் போய்க் கார்டைக் காட்டிட்டு வந்தா போதும். அதைக் கடமைக்கு லிஃப்டில் போய்ப் பண்ணாதீங்க. ரூமிலிருந்து கிளம்பி, படிக்கட்டு வரைக்கும் எத்தனை கதவுன்னு கையால தொட்டு எண்ணிக்கிட்டே போங்க. அபாய அறிவிப்பா ஏழு குறும் சத்தம், ஒரு நீண்ட சத்தம் கேட்டா அந்த எண்ணிக்கைதான் உதவும்.

#20 நாலுசக்கரம்

என்னை மாதிரி ஆட்கள் ஏறின உடனே வரவேற்பு மேசையில் சொல்லிடணும். அவசரத்தில் லிஃப்ட் ஓடாது, யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு அவங்க பதிஞ்சு வெச்சுக்குவாங்க. சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது.

#21 சும்மாசுத்தி

@இரும்புப்படி சரி அண்ணே, கதவு எண்ணுறேன். ஆனா முன் டெக்கை விட மாட்டேன்.

#22 நீலப்புள்ளி

நான் ஆப் என்று ஒரே வரியில் முடிச்சது கொஞ்சம் அவசரம்தான். ஜிபிஎஸ் இத்தனை இரும்புக்குள்ள எடுபடாது, போன் காம்பஸும் உளறும். ஆப் வழி காட்டுதுன்னா கப்பலுக்குள்ள ப்ளூடூத் மாதிரி தனியா ஏதாவது மாட்டியிருக்கணும். பிரின்சஸ் கம்பெனி கப்பல்களில் மெடாலியன் என்று கழுத்திலோ கையிலோ மாட்டுற வில்லை ஒண்ணு தர்றாங்க, அதை வெச்சு வழியும் பார்க்கலாம், கூட வந்தவங்க எங்கே இருக்காங்கன்னும் பார்க்கலாம். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உபயோகம். மத்த கப்பல்களில் டெக் பிளானை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிறதே மேல்.

#23 வடக்குமறந்தவன்

போயிட்டு வந்தாச்சு. என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன்.

ஏறின உடனே பெட்டியைப் போட்டுட்டு, எங்க காரிடாரை முன் நுனியிலிருந்து பின் நுனி வரைக்கும் ஒரு தடவை நடந்தோம். அப்பா கதவு எண்ணினார். எங்க ரூமிலிருந்து பின் படிக்கட்டுக்குப் பதினொரு கதவு. டைனிங் ரூம் இந்தத் தடவையும் பின்பக்கம் கீழேதான், சுவரும் இருந்தது. ஆனா நாங்க மேலேயே நடந்து பின் படிக்கட்டில் இறங்கினதால சுவரை மறுபக்கத்திலிருந்துதான் பார்த்தோம். ரெண்டு மூணு குடும்பம் அந்தச் சுவரில் முட்டித் திரும்பி, தாமதமா வந்து சேர்றதைப் பார்த்தப்போ கொஞ்சம் பாவமா இருந்தது, கொஞ்சம் பெருமையாவும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

மூணாம் நாள் நான் மறுபடி டெக் மாறிப் போனேன். ஆனா கதவில் காந்தம் இல்லைன்னு பார்த்ததும் கார்டைத் தேய்க்கலை.

அஞ்சாம் நாள் ராத்திரி ஒண்ணரை மணிக்கு முழிச்சுப் பார்க்கிறேன், அப்பா படுக்கையில் இல்லை. போனும் ரூமிலேயே இருக்கு. அரை மணி நேரம் தேடினேன். ப்ரொமனாட் டெக்கில், அதாவது கப்பலோரமா நடக்கிற திறந்த டெக்கில், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், பக்கத்தில் வழி தெரியாத ஒரு புது ஜோடி. 'தண்ணி எந்தக் கைப் பக்கம் போகுது பாரு தம்பி' என்று பாடம் நடத்திக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்ததும், 'நீ எப்படி வழி கண்டுபிடிச்சு வந்தே?' என்கிறார்.

#24 சாம்பல்நிறம்

அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கப்பல் துறைமுகத்தில் நிக்கும்போது தண்ணி ஓடாது. கம்பள நிறமும் எனக்குத் தெரியாது. ப்ரொமனாட் டெக்கில் நிக்கிறேன், எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#25 இரும்புப்படி

தலைக்கு மேலே தொங்குற உயிர்காப்புப் படகில் பெருசா நம்பர் எழுதியிருக்கும். ஒற்றைப்படை வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். சின்ன நம்பர் முன்னால, போகப் போகப் பெருசாகும். டைட்டானிக்கிலும் இதே வரிசைதான்.

#26 சாம்பல்நிறம்

பக்கமும் தெரியுது, முன் பின்னும் தெரியுது, நிறமும் வேண்டாம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே?

#27 இரும்புப்படி

நின்ன கப்பலைப் பத்தி யாரும் கேக்கலையே.